மாத்திரை சாப்பிட்டு உடம்பு கெட்டா யார் பொறுப்பு? கேஸ் போட முடியுமா? - சட்டம் சொல்வது என்ன?

2025 செப்டம்பர். மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் போன குழந்தைகளுக்குச் சில நாட்களில் சிறுநீர் நின்றுபோனது. அடுத்து சிறுநீரகம் செயலிழந்தது. 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அவர்கள் குடித்தது 'கோல்ட்ரிஃப்' என்ற இருமல் சிரப். அது தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில்.

தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த சிரப்பின் எஸ்ஆர்-13 பேட்சைப் பரிசோதித்தபோது, 48.6 சதவீதம் 'டைஎத்திலீன் கிளைக்கால்' இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். தொழிற்சாலைகளில் கரைப்பானாகப் பயன்படும் ரசாயனம் இது. தயாரிப்பு நிறுவனமான ஸ்ரேசன் பார்மாவின் உரிமம் ரத்தானது. உரிமையாளர் கைதானார். சிரப்பை எழுதிக்கொடுத்த டாக்டரும் கைதானார். தொழிற்சாலையை முறையாக ஆய்வு செய்யவில்லை என்று இரண்டு மருந்து ஆய்வாளர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள்.

ஒரே சிரப். தயாரிப்பாளர், டாக்டர், ஆய்வாளர் என மூன்று பக்கமும் விரல் நீள்கிறது. அப்படின்னா, ஒரு மருந்தோ சப்ளிமென்ட்டோ நம் உடம்பைக் கெடுத்தால் சட்டப்படி யார் பொறுப்பு? யாரிடம் இழப்பீடு கேட்பது? எளிமையாகப் பார்ப்போம்.

*எல்லா பக்கவிளைவுக்கும் கேஸ் போட முடியுமா?*

முடியாது. முதலில் இதைப் புரிந்துகொள்வது முக்கியம். பக்கவிளைவே இல்லாத மருந்து கிடையாது. அலர்ஜிக்கு மாத்திரை போட்டால் தூக்கம் வரும். ஆன்டிபயாடிக் சாப்பிட்டால் சிலருக்கு வயிற்றுப்போக்கு வரும். இதெல்லாம் தெரிந்த விளைவு, சொல்லப்பட்ட விளைவு. மருந்து சரியாகத் தயாரிக்கப்பட்டு, சரியாக எழுதிக்கொடுக்கப்பட்டு, எச்சரிக்கையும் இருந்தால், பாதிப்பு வந்தது என்பதற்காக மட்டும் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

சட்டம் உள்ளே வருவது நான்கு இடங்களில்:

1. மருந்திலேயே கோளாறு: கலப்படம், போலி, தரக்குறைவு. கோல்ட்ரிஃப் இந்த வகை.
2. எச்சரிக்கை இல்லை: ஆபத்து தெரிந்தும் லேபிளில் போடவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை.
3. தவறாக எழுதிக்கொடுத்தது: அளவு, வயது, ஏற்கெனவே இருக்கும் நோய் எதையும் பார்க்காமல் கொடுத்த மருந்து.
4. தவறாக விற்றது: சீட்டு இல்லாமல் கொடுத்தது, எழுதியதை விட்டு வேறொன்றைக் கொடுத்தது, காலாவதியானதைக் கொடுத்தது.

உங்களுக்கு நடந்தது இதில் எது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் படி. யார் மேல் கேஸ் என்பது அதிலிருந்துதான் வரும்.

*தயாரிப்பாளர்: "என் மேல் தப்பில்லை" என்று சொன்னாலும் போதாது*

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ல் 'தயாரிப்புப் பொறுப்பு' என்று தனி அத்தியாயமே இருக்கிறது. பிரிவு 82 முதல் 87 வரை. பழைய 1986 சட்டத்தில் இப்படி ஓர் அத்தியாயம் கிடையாது.

பிரிவு 84 தயாரிப்பாளரைப் பற்றியது. தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, சொன்ன தரத்தில் இல்லை, சொன்ன உத்தரவாதத்துக்கு ஏற்ப இல்லை, பயன்படுத்தும் முறையும் எச்சரிக்கையும் போதுமான அளவு இல்லை - இதில் ஒன்று இருந்தாலே தயாரிப்பாளர் பொறுப்பு.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயம் உண்டு. 'நாங்கள் இப்படி உத்தரவாதம் தந்ததில் அலட்சியமோ மோசடியோ இல்லை' என்று நிறுவனம் நிரூபித்தாலும், அந்த உத்தரவாதத்துக்கான பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று சட்டமே சொல்கிறது.

ஆனால் ஒரு ஓட்டையும் உண்டு. பிரிவு 87-ன்படி, டாக்டர் போன்ற நிபுணரின் மேற்பார்வையில் மட்டுமே கொடுக்க வேண்டிய பொருள் என்றால், அந்த நிபுணருக்கு நியாயமான வழியில் எச்சரிக்கை கொடுத்திருந்தாலே போதும். அதாவது பிரிஸ்கிரிப்ஷன் மருந்து என்றால், "டாக்டருக்குச் சொல்லிவிட்டோம், நோயாளிக்குச் சொல்வது அவர் வேலை" என்று நிறுவனம் வாதிடலாம். அந்த இடத்தில் பந்து டாக்டர் பக்கம் போகிறது. டாக்டர் சீட்டு இல்லாத இன்னொரு மருந்தின் தாக்கத்திலோ, மது போதையிலோ இதைப் பயன்படுத்தியிருந்தாலும், எச்சரிக்கை இல்லை என்ற வாதம் எடுபடாது.

எச்சரிக்கை என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: குளோர்பெனிரமைன், பினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் குறைவான குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடும்படி 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு உத்தரவிட்டது. வீட்டில் குழந்தை இருந்தால், அலமாரியில் இருக்கும் சிரப் பாட்டிலை இப்போதே எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

*சிறைத் தண்டனை எப்போது?*

நுகர்வோர் சட்டம் பணம் வாங்கித் தரும். ஜெயிலுக்கு அனுப்புவது மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டம் 1940. அதன் பிரிவு 27(ஏ)-படி, கலப்பட அல்லது போலி மருந்தால் மரணமோ கொடுங்காயமோ ஏற்பட்டால் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. அபராதம் குறைந்தது 10 லட்சம் ரூபாய் அல்லது பறிமுதலான மருந்தின் மதிப்பைப் போல் மூன்று மடங்கு, எது அதிகமோ அது. அந்த அபராதத் தொகை பாதிக்கப்பட்டவருக்கோ, அவர் இறந்திருந்தால் உறவினருக்கோ இழப்பீடாகப் போக வேண்டும் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் 'தரக்குறைவு' என்ற வகைக்குள் வந்தால் கதை வேறு. 2023-ன் ஜன் விஷ்வாஸ் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பிரிவு 27(டி)-யின் கீழ் வரும் இத்தகைய குற்றங்களைப் பணம் கட்டி சமரசமாக முடித்துக்கொள்ள வழி இருக்கிறது. அதனால்தான் ஒரு மருந்தை 'கலப்படம்' என்று ஆய்வகம் எழுதுகிறதா, 'தரக்குறைவு' என்று எழுதுகிறதா என்பது ஒரு வார்த்தை வித்தியாசம் மட்டும் இல்லை.

*டாக்டர்: தவறான முடிவும் அலட்சியமும் ஒன்றல்ல*

டாக்டரின் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-ல் வி.பி.சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019 சட்டத்திலும் அது அப்படியேதான் இருக்கிறது. ஒரு விதிவிலக்கு: எல்லோருக்கும் இலவசமாக சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இதில் வராது. அங்கே நடந்த அலட்சியத்துக்கு சிவில் நீதிமன்றம் அல்லது உயர் நீதிமன்ற ரிட் மனு என்ற வழிதான்.

மருந்தின் விளைவு தொடர்பாக இந்தியாவில் அதிகம் பேசப்பட்ட வழக்கு அனுராதா சாஹா வழக்கு. அமெரிக்காவில் வசித்துவந்த குழந்தைகள் உளவியலாளர். 1998-ல் கொல்கத்தா வந்தபோது தோலில் தடிப்பு வந்தது. நீண்ட நாள் உடலில் தங்கி வேலை செய்யும் ஒரு ஸ்டீராய்டு ஊசி, 80 மில்லிகிராம், ஒரு நாளைக்கு இரண்டு முறை எழுதப்பட்டது. தோல் உரிந்து விழும் 'டாக்ஸிக் எபிடெர்மல் நெக்ரோலிசிஸ்' என்ற கொடிய நிலையில் மே மாதம் மும்பையில் இறந்தார். கணவர் குணால் சாஹாவும் ஒரு டாக்டர். விடாமல் வழக்கு நடத்தினார். 2009-ல் அலட்சியம் உறுதியானது. 2013 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 5.96 கோடி ரூபாயும் வட்டியும் கொடுக்க உத்தரவிட்டது. தொகையின் பெரும்பகுதி மருத்துவமனையின் பங்கு.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. ஒன்று, வழக்கு முடிய 15 ஆண்டு ஆனது, அதுவும் மருத்துவம் தெரிந்த ஒருவருக்கே. இரண்டு, இழப்பீடு கிடைத்தாலும் கிரிமினல் வழக்கில் டாக்டர்களுக்குத் தண்டனை கிடைக்கவில்லை. காரணம், டாக்டரை கிரிமினல் குற்றவாளி ஆக்க சாதாரண அலட்சியம் போதாது, 'பெரும் அலட்சியம்' வேண்டும் என்று 2005-ல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் நீதிமன்றம் சொல்லிவிட்டது. நல்ல எண்ணத்தோடு சிகிச்சை தரும் டாக்டர் பயந்துகொண்டே வேலை பார்க்கக் கூடாது என்பது அதன் பின்னால் இருக்கும் வாதம்.

*மெடிக்கல் ஷாப், ஆன்லைன் ஆப்*

"மெடிக்கல்ல கேட்டு வாங்கினேன்" - நம்மில் பாதிப் பேர் இப்படித்தான். பிரிஸ்கிரிப்ஷன் கட்டாயம் உள்ள 'ஷெட்யூல் எச்' மருந்தை சீட்டு இல்லாமல் விற்பது கடைக்காரர் செய்யும் தவறு. ஆனால் பில் இல்லாமல் வாங்கியிருந்தால் அந்தத் தவறை நிரூபிக்க உங்கள் கையில் ஒன்றும் இருக்காது.

விற்பனையாளருக்கு பிரிவு 86. எச்சரிக்கையை நம்மிடம் கடத்தாமல் விட்டால், பொருளை மாற்றினால், தானாக ஓர் உத்தரவாதம் கொடுத்தால் அவர் பொறுப்பு. இன்னொன்று ரொம்ப முக்கியம்: தயாரிப்பாளர் யார் என்றே தெரியவில்லை, அல்லது அவருக்கு நோட்டீஸ் அனுப்ப முடியவில்லை என்றால், விற்றவரே பதில் சொல்ல வேண்டும். வெளிநாட்டு பிராண்ட் புரோட்டீன் பவுடர், எடை குறைக்கும் காப்ஸ்யூல் வாங்குபவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

*சப்ளிமென்ட்: மருந்தும் இல்லை, சாதா சாப்பாடும் இல்லை*

ஜிம் போகும் நண்பரிடம் கேட்டுப் பாருங்கள். வே புரோட்டீன், கிரியாட்டின், மல்டிவைட்டமின், மீன் எண்ணெய் என்று பட்டியல் நீளும். இதெல்லாம் மருந்துச் சட்டத்தில் வராது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் கீழ் 'உணவு' வகையில் வரும். டப்பாவைத் திருப்பினால் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். அது சும்மா ஒரு வரி இல்லை, எந்தச் சட்டம் பொருந்தும் என்பதற்கான அடையாளம்.

மருந்துக்கு இருப்பதுபோல விற்பனைக்கு முன் நோயாளிகளிடம் சோதனை என்பது பெரும்பாலான சப்ளிமென்ட்டுகளுக்குக் கிடையாது. 2024-ல் கேரள மருத்துவர்கள் குழு இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து ஆய்வு வெளியிட்டது. சுமார் 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரோட்டீன் அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. சிலவற்றில் பூஞ்சை நச்சும் பூச்சிக்கொல்லி எச்சமும் இருந்தன.

பாதிப்பு வந்தால்? உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-ன் பிரிவு 65 இழப்பீட்டுக்கே எழுதப்பட்டது. மரணம் என்றால் குறைந்தது 5 லட்சம். கொடுங்காயம் என்றால் 3 லட்சம் வரை. மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை. சம்பவம் நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீடு கொடுக்க வேண்டும். இறந்தவரின் குடும்பத்துக்கு 30 நாளில் இடைக்கால நிவாரணம். தொகை சின்னதுதான். ஆனால் நுகர்வோர் சட்டத்தின் கதவும் திறந்தே இருக்கிறது.

சித்தா, ஆயுர்வேத மருந்து என்றால் மறுபடியும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதற்கு மாநில அரசின் உரிம எண் லேபிளில் இருக்க வேண்டும். 'மூலிகைதானே, ஒண்ணும் பண்ணாது' என்பது சட்டத்தின் பார்வை இல்லை. நச்சுத்தன்மை உள்ள மூலப்பொருட்களுக்குத் தனிப் பட்டியலே இருக்கிறது. அவை சேர்ந்த மருந்தை மருத்துவரின் மேற்பார்வையில்தான் எடுக்க வேண்டும் என்று லேபிளில் எச்சரிக்க வேண்டும்.

*இன்ஸ்டாவில் பார்த்து வாங்கினால்?*

"30 நாளில் 10 கிலோ குறையும், என் கோட் போட்டா 15 பர்சன்ட் ஆஃப்" - இதைச் சொன்னவரும் சட்டத்துக்குள் வருகிறார். தவறான விளம்பரத்துக்கு நிறுவனத்துக்கும், பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்பவும் செய்தால் 50 லட்சம் வரை. விளம்பரம் செய்யவே 1 ஆண்டு, பிறகு 3 ஆண்டு வரை தடை விதிக்கலாம். சொன்ன தகவலைச் சரிபார்த்த பிறகே பேசினேன் என்று நிரூபித்தால் மட்டும் அவர் தப்பலாம்.

ஆனால் ஒன்று: இந்த அபராதம் உங்கள் கைக்கு வராது. அது விதிக்கப்படுவது மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தால். உங்கள் இழப்பீட்டுக்கு நீங்கள் தனியாக வழக்கு போட வேண்டும்.

*அரசுக்குப் பொறுப்பே இல்லையா?*

இருக்கிறது என்பதற்கு ஒரு வழக்கு உண்டு. 2019 இறுதியிலும் 2020 தொடக்கத்திலும் ஜம்முவின் ராம்நகரில் இதே டைஎத்திலீன் கிளைக்கால் கலந்த இருமல் சிரப்பால் குழந்தைகள் இறந்தார்கள். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தன் வேலையைச் செய்யவில்லை என்று சொன்ன தேசிய மனித உரிமை ஆணையம், ஒவ்வொரு குடும்பத்துக்கும் 3 லட்சம் ரூபாய் தர உத்தரவிட்டது. ஜம்மு காஷ்மீர் நிர்வாகம் உச்ச நீதிமன்றம் வரை போய்ப் பார்த்தது. அங்கேயும் தோற்றது.

சிந்த்வாராவில் மத்தியப் பிரதேச அரசு தலா 4 லட்சம் ரூபாய் அறிவித்தது. ஆனால் நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. நிவாரணம் அரசு மனமிரங்கித் தருவது. இழப்பீடு, தவறு செய்தவரிடம் உரிமையாகக் கேட்டு வாங்குவது. ஒன்றை வாங்கியதால் இன்னொன்றைக் கேட்கும் உரிமை போய்விடாது.

*சரி, பாதிப்பு வந்தால் உடனே என்ன செய்யணும்?*

முதலில் மருந்தை நிறுத்துவதா வேண்டாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். சில மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவதே ஆபத்து. அதன் பிறகு:

* மீதி மாத்திரை, பாட்டில், டப்பா எதையும் தூக்கிப் போடாதீர்கள். பேட்ச் எண், காலாவதி தேதி தெரியும்படி போட்டோ எடுங்கள். இன்னும் திறக்காத அதே பேட்ச் பாக்கெட் வீட்டில் இருந்தால் அது பொக்கிஷம்.
* பில், பிரிஸ்கிரிப்ஷன், ஆர்டர் ஸ்கிரீன்ஷாட், விளம்பர வீடியோ லிங்க் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேமியுங்கள்.
* எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எவ்வளவு எடுத்தீர்கள், எப்போது அறிகுறி வந்தது, கூட வேறு என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று எழுதி வையுங்கள்.
* சிகிச்சை தரும் டாக்டரிடம் 'இந்த மருந்தால் ஏற்பட்டிருக்கலாம்' என்ற சந்தேகத்தை கேஸ் ஷீட்டில் பதியச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கேட்டு வாங்குங்கள்.
* 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பக்கவிளைவைப் புகார் செய்யலாம். இது காசியாபாத்தில் இருந்து இயங்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டம். டாக்டர்தான் சொல்லணும் என்றில்லை, நோயாளியே சொல்லலாம்.

கடைசியாகச் சொன்னது கேஸ் இல்லை, அதனால் உங்களுக்கு நேரடியாகப் பணம் வராது. ஆனால் மாதவிடாய் வலிக்கு நாம் சாதாரணமாகப் போடும் மெஃபெனமிக் ஆசிட் மாத்திரை அரிதாகக் கடுமையான அலர்ஜியை உண்டாக்கலாம் என்று 2023 நவம்பரில் நாடு முழுக்க எச்சரிக்கை வந்ததே, அது இப்படி வந்த புகார்களை ஆராய்ந்துதான் வந்தது.

மருந்தைச் சோதிக்க வேண்டுமா? கட்டணம் கட்டி அரசு ஆய்வாளரிடம் மருந்தைக் கொடுத்துப் பரிசோதிக்கும் உரிமை மருந்துச் சட்டத்தின் பிரிவு 26-ல் பொதுமக்களுக்கே இருக்கிறது. உணவு, சப்ளிமென்ட் என்றால் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 40. நுகர்வோர் ஆணையமே சாம்பிளை சீல் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பவும் முடியும்.

*கேஸ் எங்கே, எவ்வளவு செலவு?*

நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லி போக வேண்டாம். நீங்கள் கேட்கும் இழப்பீடு கணக்கில்லை, பொருளுக்குக் கொடுத்த விலைதான் கணக்கு. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம் என்பதால், 120 ரூபாய் சிரப்புக்கு 1 கோடி இழப்பீடு கேட்டாலும் மாவட்ட ஆணையம்தான். விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. 'இ-ஜாக்ரிதி' தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வழி தெரியவில்லை என்றால் 1915-ஐ அழைக்கலாம்.

காலக்கெடு 2 ஆண்டு. தாமதத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் ஆணையம் ஏற்கலாம். வாங்கியவர்தான் போடணும் என்றும் இல்லை. நீங்கள் வாங்கிக்கொடுத்து அம்மா சாப்பிட்டிருந்தால் அம்மாவும் நுகர்வோர்தான். இறந்துவிட்டால் வாரிசுகள் போடலாம்.

*உண்மையான சிக்கல் எங்கே?*

சட்டத்தைப் படித்தால் எல்லாம் நமக்குச் சாதகமாகத்தான் தெரியும். கேஸ் தோற்பது பெரும்பாலும் ஒரே கேள்வியில்: "இந்த மருந்தால்தான் இந்தப் பாதிப்பு வந்தது என்பதற்கு ஆதாரம் என்ன?" கல்லீரல் கெட்டது சப்ளிமென்ட்டாலா, குடியாலா, ஏற்கெனவே இருந்த நோயாலா? சிறுநீரகம் போனது வலி மாத்திரையாலா, சர்க்கரை நோயாலா? எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்பது இதுதான். சிந்த்வாராவிலும் தொடக்கத்தில் எலிக்காய்ச்சலா, தண்ணீரா, வைரஸா என்றுதான் தேடிக்கொண்டிருந்தார்கள். சிரப்பைப் பரிசோதித்த பிறகுதான் பதில் கிடைத்தது.

அதனால் சட்டப் புத்தகம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த முறை மெடிக்கல் ஷாப்பில் "பில் வேணுமா?" என்று கேட்டால் "வேணும்" என்று சொல்லுங்கள். குழந்தைக்கு சிரப் ஊற்றும் முன் பேட்ச் எண்ணை ஒரு போட்டோ எடுங்கள். பத்து நொடி வேலைதான். நாளைக்கு ஆணையத்தில் உங்கள் பக்கம் பேசப்போவது அந்த போட்டோவாகத்தான் இருக்கும்.